மூன்று நிமிடத்தில் ஆளை அளக்க முடியுமா?

காலை ஒன்பது மணி. ராயப்பேட்டை மணிக்கூண்டு. பஸ்சில் இருந்து ஒரு வாலிபர் இறங்குகிறார்.

தேய்த்த சட்டை. புத்தம் புது பூட்ஸ். அது காலைக் கடிக்கிறது. கையில் ஒரு பைல். பத்தாம் வகுப்பில் இருந்து வாங்கிய அத்தனை சர்டிபிகேட்டுகளும் அதற்குள் இருக்கின்றன. பத்தரை மணிக்குப் பேட்டி. ஒயிட்ஸ் ரோட்டுக்கு வழி கேட்கிறார். அதற்குள் செல்போன் மணி அடிக்கிறது. ஊரில் இருந்து தாயார் பேசுகிறார்.

"சாப்பிட்டியா ராசா? பயப்படாதே. இங்கிலீசிலேயே பேசு!"

இப்படிப் பைலும் கையுமாக நடக்கும் வாலிபர்களையும் பெண்களையும் ராயப்பேட்டையில் அடிக்கடி பார்க்கலாம். அவர்களில் பலர், குடும்பத்திலேயே முதன் முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள். வேலை கிடைத்தால் வீட்டுக் கடன் அடையும். தங்கைக்குக் கல்யாணம் நடக்கும். அதனால்தான் அவர்களுக்கு அத்தனை பயம்.

இங்கிலீஷ் வராதே என்று ஒரு பயம். பணக்கார வீட்டுப் பிள்ளை மாதிரி நாற்காலியில் உட்காரத் தெரியாதே என்று இன்னொரு பயம்.

இதை வீண் பயம் என்று தள்ளிவிட முடியாது. சட்டையைப் பார்த்து ஆளை எடுக்கிறவர்கள் உண்டு. ஆனாலும், பேட்டிக்குப் போகிறவர் முதலில் கவலைப்பட வேண்டிய விஷயம் வேறு. தனக்குத் தெரிந்த வேலையை, எதிரே இருப்பவருக்குப் புரியும்படி சொல்லத் தெரியுமா? அதுதான் கேள்வி.

இதற்குச் சாட்சி தேடி வெகுதூரம் போக வேண்டாம். ராயப்பேட்டைக்கு அடுத்தது திருவல்லிக்கேணி. நூறு வருஷங்களுக்கு முன்னால் அங்கே ஒரு வாலிபர் வேலை தேடி அலைந்தார். அவர் யார் தெரியுமா? கணித மேதை ராமானுஜன்!

பரீட்சையில் தோற்றவர்

ராமானுஜன் கும்பகோணத்தில் வளர்ந்தவர். மெட்ரிகுலேஷன் தேறினார். கல்லூரியில் சேர்ந்ததும் கணக்கைத் தவிர வேறு பாடத்தைத் தொடவில்லை. கும்பகோணம் கல்லூரியில் தோல்வி. பிறகு சென்னைக்கு வந்து பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். அங்கும் எப்.ஏ. பரீட்சையில் தோல்வி. 1909-ம் ஆண்டு கல்யாணமும் ஆகிவிட்டது. பட்டம் இல்லை. சம்பளம் இல்லை.

1910-ல் திருக்கோவிலூருக்குப் போனார். அங்கே டிப்டி கலெக்டராக இருந்தவர் ராமசாமி ஐயர். இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கியவர் அவர். அவரிடம் ஒரு குமாஸ்தா வேலை கேட்டார் ராமானுஜன். ஐயர் நோட்டை வாங்கிப் புரட்டினார். பிரமித்துப் போனார். இப்பேர்ப்பட்டவரை ரெவினியூ இலாகாவின் கடைசிப் படியில் உட்கார வைப்பதா என்று நினைத்தார். ஆகவே, வேலை கொடுக்கவில்லை! சென்னைக்குப் போகும்படி சொல்லிச் சிபாரிசுக் கடிதம் கொடுத்தார்.

(வேலை கேட்டு வந்தவருக்குக் கடிதம் கிடைத்தால் பசி தீருமா? அன்று ராமானுஜன் மனம் என்ன பாடுபட்டிருக்கும்!)

சென்னையில் கணிதப் பேராசிரியர் சேஷு ஐயரைப் பார்த்தார். அவர் நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவிடம் அனுப்பினார்.

கலெக்டர் கண்ட கோலம்

1910 டிசம்பர் மாதம். கலெக்டரின் மருமகன் ஒருவர் அவரிடம் வந்து, "யாரோ ஒருவர் கணக்கு கணக்கு என்று பேசுகிறார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. நீங்கள் பாருங்கள்" என்கிற மாதிரி சொன்னார். ராமானுஜன் உள்ளே வந்தார்.

அவர் எப்படி இருந்தார் என்று கலெக்டரே பின்னால் எழுதி வைத்திருக்கிறார். குட்டையான, பருத்த உருவம். சவரம் செய்யாத முகம். அவ்வளவாகச் சுத்தம் இல்லை. கையில் ஒரு நைந்த நோட்டு. கண்கள் மட்டும் பளபளத்தன!

இன்றைய பேட்டிப் பயிற்சி வகுப்புகளுக்கு இந்தக் கோலத்தில் ஒருவர் போனால், வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள்.

ராமானுஜன் நோட்டைத் திறந்து விளக்கினார். கலெக்டரும் கணக்குப் படித்தவர்தான். ஆனால், வந்தவர் சொல்வது உண்மையா, உளறலா என்று அவரால் தீர்மானிக்க முடியவில்லை. அதற்காக விரட்டிவிட்டாரா? இல்லை. மறுபடியும் வரச் சொன்னார்.

இரண்டாம் தடவை போனபோதுதான் ராமானுஜனின் சாமர்த்தியம் வெளிப்பட்டது. எதிரே இருப்பவருக்கு எவ்வளவு புரியும் என்பதை அவர் அளந்து வைத்திருந்தார். ஆகவே, எளிய கணக்குகளை முதலில் காட்டினார். அவையே எந்தப் புத்தகத்திலும் இல்லாதவை. அதில் இருந்து படிப்படியாக மேலே அழைத்துப் போனார். கடைசியாகத்தான் தன்னுடைய கடினமான கண்டுபிடிப்புகளைச் சொன்னார். கலெக்டரின் சந்தேகம் பறந்தது!

"உனக்கு என்ன வேண்டும்?" என்று கேட்டார். சாப்பாட்டுக் கவலை இல்லாமல் ஆராய்ச்சி செய்ய ஏதாவது கொஞ்சம் கிடைத்தால் போதும் என்றார் ராமானுஜன். கலெக்டர் மாதம் 25 ரூபாய் கொடுத்து வந்தார்.

ஒருவர் பணத்தில் உட்கார்ந்து சாப்பிட ராமானுஜனுக்கு மனம் ஒப்பவில்லை. 1912 பிப்ரவரி 9-ந் தேதி, திருவல்லிக்கேணி 'சம்மர் ஹவுஸ்' விலாசத்தில் இருந்து சென்னைத் துறைமுக ஆபீசுக்கு மனு எழுதினார். மெட்ரிகுலேஷன் தேறியதைச் சொன்னார். எப்.ஏ. வரை படித்ததையும், சந்தர்ப்ப வசத்தால் மேலே படிக்க முடியாததையும் சொன்னார். கணக்கிலேயே காலத்தைச் செலவிட்டு வருவதாகவும், வேலையைச் சரிவரச் செய்ய முடியும் என்ற நம்பிக்கை இருப்பதாகவும் எழுதினார். படிப்பு நின்றதை மறைக்கவில்லை. அதைச் சொல்லி ஒப்பாரியும் வைக்கவில்லை. மாநிலக் கல்லூரிக் கணிதப் பேராசிரியரின் சிபாரிசு கூடவே போயிற்று. மார்ச் 1-ந் தேதி குமாஸ்தா வேலையில் சேர்ந்தார். சம்பளம் 30 ரூபாய்!

"அவர் மேதை. நாங்கள் சாதாரண ஆட்கள். எங்களிடம் காட்ட என்ன நோட்டு இருக்கிறது?" என்று கேட்கலாம்.

இருக்கிறது! லீவு நாளில் அப்பாவின் மளிகைக் கடையில் உட்கார்ந்து கணக்கு எழுதியவர் உண்டு. இட்லிக் கடையில் அம்மாவுக்கு உதவியாகக் காலை நேரக் கூட்டத்தைச் சமாளித்த பெண் உண்டு. பேட்டியில் இதைச் சொல்ல வெட்கப்பட்டு மறைத்துவிடுகிறார்கள். அதற்குப் பதிலாக, எங்கோ படித்து மனப்பாடம் செய்த நாலு வரி இங்கிலீஷை ஒப்பிக்கிறார்கள். கடைசியில் தடுமாறுகிறார்கள். விற்பனை வேலைக்கு ஆள் எடுக்கிறவருக்கு, அந்த இட்லிக் கடைக் கதையைவிட உபயோகமான செய்தி எது?

கேட்பவர் கடமை

எல்லாப் பாரத்தையும் வாலிபர் தலையிலேயே வைப்பது நியாயம் ஆகாது. ராமச்சந்திர ராவ் முதல் நாளே "போய் வா" என்று சொல்லியிருந்தால்?

1970-71-ம் ஆண்டு தமிழ்நாட்டில் மருத்துவக் கல்லூரி இடங்களுக்கு நடந்த பேட்டி பற்றி சுப்ரீம் கோர்ட்டில் வழக்கு வந்தது. மொத்த மார்க் 275. அதில் பேட்டிக்கு மட்டும் 75! ஒவ்வொருவரையும் பேட்டி கண்ட நேரம் சுமார் மூன்று நிமிடம்! பேட்டி மார்க் அதிகம் என்று கோர்ட்டே சொன்னது.

மத்திய அரசின் கீழ்நிலை வேலைகளுக்கு 2016 ஜனவரி 1 முதல் பேட்டியே கிடையாது. ஐ.ஏ.எஸ். போன்ற தேர்வுகளில் மட்டும், 2,025 மார்க்கில் 275 மார்க் பேட்டிக்கு இருக்கிறது. சிபாரிசும் சில்லறையும் விளையாடுவதைத் தடுக்க, பேட்டியைக் குறைத்தது சரியே. ஆனால் எல்லா இடத்திலும் எழுத்துப் பரீட்சை மட்டும் போதும் என்றால் அதுவும் பிசகு. எழுத்துப் பரீட்சையில் ராமானுஜன் இரண்டு கல்லூரிகளில் தோற்றார். அவரைக் கண்டுபிடித்தது, பொறுமையாகக் கேட்ட ஒரு மனிதரின் காதுதான்.

ஆகவே, பேட்டி வைக்கிற முதலாளிகள் கொஞ்சம் நேரம் ஒதுக்க வேண்டும். இங்கிலீஷ் தேவைப்படாத வேலைக்குத் தமிழிலேயே கேட்கலாமே! தடுமாறுகிற பிள்ளைக்கு இன்னொரு தடவை சந்தர்ப்பம் கொடுத்தால் கம்பெனி முழுகிவிடாது.

வீட்டில் உள்ளவர்களும் ஒன்று செய்யலாம். முதல் நாள் இரவு அண்ணனோ அக்காளோ அதிகாரி மாதிரி உட்கார்ந்து, "நீ இதுவரை என்ன வேலை செய்திருக்கிறாய்? பாட்டிக்குப் புரிகிற மாதிரி சொல்" என்று கேட்க வேண்டும். பாட்டிக்குப் புரிந்தால் மானேஜருக்கும் புரியும். தெரியாத கேள்வி வந்தால் "தெரியவில்லை, ஐயா" என்று சொல்லவும் பழக்க வேண்டும்.

பேட்டிக்குப் புது பூட்ஸ் வாங்கினால், நாலு நாள் முன்னதாகவே வீட்டுக்குள் போட்டு நடந்து பார்ப்பது நல்லது. கால் வலித்தால் தெரிந்த பதிலும் வாயில் வராது!