ஐந்து இலட்சம் டொலரும் எங்கள் ஊர்ப் பொடியன்களும்

யாழ்ப்பாணத்தின் பெயரில் ஓர் அணி இருக்கிறது; அந்த அணியில் யாழ்ப்பாணம் எங்கே? வல்வெட்டித்துறையில் ஒரு மாலைநேரப் பேச்சில் இப்படிக் கேட்டுவிட்டேன். ரொறன்ரோவிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த உறவினருக்குக் கோபம் வந்துவிட்டது.

"அண்ணை, சம்பளத்துக்கு வரம்பு இருக்குது. அதுக்குள்ள பேர் எடுத்த ஆக்களைத்தான் பிடிக்க வேணும். ஊர்ப் பொடியளை வச்சுப் பழக்கக் காசு எங்கை?"

இந்த வாதத்தைப் பலரிடமும் கேட்டிருக்கிறேன். இது தலைகீழானது.

லங்கா பிரீமியர் லீக்கின் முதலாவது வீரர் ஏலம் 2023 ஜூனில் கொழும்பில் நடந்தது. ஓர் அணிக்கு உச்சவரம்பு 5 இலட்சம் டொலர். டில்ஷான் மதுஷங்கவுக்கு 92,000, சரித் அசலங்கவுக்கு 80,000 என்று ஜப்னா கிங்ஸ் கொடுத்தது. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இரண்டே பேருக்கு! அவ்வருடக் கிண்ணம் கண்டிக்குப் போனது. அதற்கு இதுவே காரணம் என்று நான் சொல்லவில்லை. 2020, 2021, 2022, 2024 என நான்கு முறை வென்ற அணி அது. வீரர்கள் மீதும் எனக்குக் குறையில்லை. என் வழக்கு மிச்சப் பணத்தைப் பற்றியது.

வரம்பு என்றால் என்னவென்று உறவினருக்குத் தெரியாமலிருக்க நியாயமில்லை. அவர் அணிந்திருந்ததே மேப்பிள் லீவ்ஸின் நீலச்சட்டை. இந்தத் தகராற்றில்தான் வட அமெரிக்க ஐஸ் ஹொக்கி லீக்கின் 2004-05 பருவம் முழுவதும் இரத்தானது. அடுத்த பருவத்தில் ஓர் அணிக்கு 39 மில்லியன் டொலர் என்று எல்லை போட்டார்கள். அதன்பின் கெட்டிக்கார அணிகள் கற்ற பாடம் ஒன்றுண்டு. புதிதாக வரும் இளைஞனின் முதல் ஒப்பந்தத்துக்கும் உச்சக்கட்டணம் உண்டு. ஆகவே, தானே வளர்த்தெடுத்த பையன் நன்றாக ஆடினால் அணிக்கு மிச்சமாவது பெருந்தொகை. லீவ்ஸோ 2019-20இல் 81.5 மில்லியனில் ஏறக்குறைய பாதியை நான்கு பேருக்கே கொடுத்தது. அவர்கள் கடைசியாகக் கிண்ணம் தூக்கியது 1967இல். உறவினர் சட்டையைக் குனிந்து பார்த்துக்கொண்டார்.

ஆக, வரம்பு ஊர்ப் பையனுக்கு எதிரியன்று. அவனுக்காக வாதாடும் வக்கீல். சாட்சி வேண்டுமா? யாழ் மத்திய கல்லூரியின் விஜயகாந்த் வியாஸ்காந்த். 2020 டிசம்பரில் அம்பாந்தோட்டையில் 18 வயதில் இறங்கினார், 2024இல் ஐ.பி.எல்.லில் ஹைதராபாத்துக்குப் பந்து வீசினார். ஏலத்தின் உச்ச விலைகளில் அவர் பெயர் இருந்ததில்லை. இத்தனை பருவங்களில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து பதினொருவரில் தொடர்ந்து இடம் பிடித்தவர் அவர் ஒருவரே என்பது யாருக்குப் பெருமை?

என் கோரிக்கை சிறியது. வரம்புக்குள்ளேயே ஒரு பங்கை வடமாகாண இளைஞருக்கென ஒதுக்கி, அதை லீக் விதியாகவே எழுதுங்கள். அணியில் மூவர், களத்தில் ஒருவர் கட்டாயம். தண்ணீர்ப் போத்தல் சுமப்பதற்கன்று, ஆடுவதற்கு. 2024 வரை யாழ் மண்ணில் ஓர் ஆட்டமும் நடக்கவில்லை. மண்டைதீவு மைதானத்துக்கு அடிக்கல்லே 2025 செப்டம்பரில்தான் நாட்டப்பட்டது. அது எழுந்து முடியும்வரை பதினெட்டு வயது காத்திருக்காது.

"எழுதுங்கோ அண்ணை" என்றார் உறவினர், எழுந்து போகும்போது. "ஆனா என்ரை பேரைப் போட்டிடாதையுங்கோ."

போடவில்லை.