கட்டளையிற் பிறந்த வணக்கம்

தாய்லாந்து மொழி கற்கப் புகுவார்க்கு முதற்பாடமாய் அமைவது 'சவத்தி' என்னும் வணக்கச்சொல். ஆடவர் அதனொடு 'கிரப்' என்றும், பெண்டிர் 'கா' என்றும் பணிவுச்சொல் சேர்ப்பர்; கைகூப்பித் தலைதாழ்த்துவர். கற்பார் இதனைத் தொன்றுதொட்ட வழக்கெனவே எண்ணுவர். கைகூப்பல் பழையது, சொல்லோ நூறாண்டும் நிரம்பாதது!

சுலாலங்கோர்ன் பல்கலைக்கழகத்து ஆசிரியர் பிராயா உபக்கிட் சிலப்பசான் என்பார், 1930-களில் 'சுவத்தி' என்னும் வடசொல்லினின்று இதனை ஆக்கினார். தமிழ்க் கல்வெட்டுகளின் முகப்பிற் கிரந்த எழுத்தில் வீற்றிருக்கும் அதே சுவத்திதான் இது. 1943 சனவரி 22-இல் பிபுன் சொங்கிராமின் அரசு இதனை நாடு முழுமைக்குமுரிய வணக்கமாக அறிவித்தது. புலவர் ஒருவர் ஆக்கினார்; ஆள்வோர் ஆணையிட்டனர்; மக்கள் நாவில் ஏறிற்று.

அதற்குமுன் அம்மக்கள் ஒருவரையொருவர் கண்டு வாய்பொத்தி நின்றனரோ? 'பை நை மா' - எங்குப் போய் வருகிறீர்? 'கின் காவ் ரு யங்' - சோறுண்டாயிற்றா? இவையன்றோ அவர்தம் முகமன்கள்! நெல் விளைக்கும் மக்களின் நெஞ்சினின்று எழுந்தவை இவை. வந்தாரை 'உண்டீரா?' என வினவும் தமிழ் மனையார்க்கு இதன் இனிமையை எடுத்துரைத்தல் வேண்டா.

விந்தை ஒன்று காண்க. இதே பிபுன் அரசுதான் 1942-இல், ஒலி வேறுபாடின்றி வடமொழி, பாலிச் சொற்களுக்கெனவே நின்ற எழுத்துகள் பலவற்றை நீக்கியது. 1944-இல் அவ்வரசு வீழ்ந்தபின் அவ்வெழுத்துகள் மீண்டன. எழுத்தில் வடமொழிச் சுமையைக் குறைத்த கையே, வணக்கத்தில் அதனை ஏற்றிவைத்தது. நாட்டை நாகரிகப்படுத்தல் என்பதே கூறிய கரணியம். உண்டீரா என வினவுதல் நாகரிகக் குறைவாயின், எதுதான் நாகரிகம்?

பிற சொற்களையும் நோக்குக. நன்றி கூறும் 'கோப் குன்' என்பதன் பிற்பாதி, 'குண' என்னும் பாலி, வடமொழிச் சொல். பொறுத்தருள்க என்னும் 'கோ தோட்' என்பதன் பிற்பாதி 'தோட' என்னும் வடசொல்லின் திரிபு. ஆயினும், அதற்கு மறுமொழியாய்க் குறையொன்றுமில்லை என ஆற்றும் 'மை பென் ரை' முற்றும் அம்மண்ணின் சொல். பிழை பொறுக்குங்கால் வாயில் வருவது வீட்டுமொழியே!

மக்கள் ஏற்றபின் சொல்லின் பிறப்பை ஆராய்வானேன் என்பர் சிலர். இல்லாத பொருட்குச் சொல் வாங்குதல் வேறு. இருக்கும் சொல்லை இழிவென்று ஒதுக்கி வேற்றுச்சொல்லை அரியணை ஏற்றுதல் வேறு. முன்னது கடன், பின்னது தன்மதிப்பிழப்பு.

அந்நாடு செல்வார் 'சவத்தி' எனக் கூறுக. அது இன்றைய அவைவழக்கு. அதனொடு நில்லாது, 'கின் காவ் ரு யங்' என்பதனையும் கற்றுக் கேட்டுப் பார்க்க. முன்னதற்கு வணக்கம் திரும்பும். பின்னதற்கு உள்ளம் திறக்கும். அரசாணை ஒரு சொல்லை அவையில் அமர்த்தலாம். அடுப்படியில் ஆளும் சொல்லை அகற்றவொண்ணாது.