கணக்கு மேஜையில் கிடந்த உண்மை

டயர் வெடித்தால் யார் பொறுப்பு? ஓட்டியவனா, ரோடா, காற்று அடித்தவனா? லாரிப் பட்டறையில் நடக்கும் இந்தச் சச்சரவு நம் தோழர்களுக்குப் புதிதல்ல. அமெரிக்காவிலும் இது நடந்தது. ஆனால் அங்கே பதில் ஒரு கம்பெனியின் கணக்கு மேஜையிலேயே வெகு நாளாகக் கிடந்தது.

போர்டு கம்பெனியின் ரேஞ்சர் என்பது பிக்கப் வண்டி. முன்னால் ஆள் உட்காரலாம், பின்னால் மூட்டை ஏற்றத் திறந்த தட்டு. அதன் அடிச்சட்டத்திலிருந்து பிறந்தது எக்ஸ்ப்ளோரர் கார். இரண்டிலும் பயர்ஸ்டோன் டயர்கள் மாட்டப்பட்டன. வேகமாக ஓடும்போது டயரின் மேல்பட்டை எஃகு வார்களை விட்டு உரிந்தது. உரிந்த பட்டை சுழன்றடித்து மட்கார்டைக் கிழிக்கும். செலவோடு தப்பினவன் பாக்கியசாலி. மற்றவர்கள் வண்டியோடு உருண்டார்கள். சர்க்காருக்கு வந்த புகார்களின்படி மாண்டவர்கள் 271 பேர்.

தப்பியவர்கள் ரிப்பேர் பில்லை டயர் கம்பெனிக்கு அனுப்பி நஷ்டஈடு கேட்டார்கள். நிர்வாகத்துக்கு அது வெறும் பணக் கணக்கு. எந்த ஆலையில், எந்த வருஷம் செய்த டயர் என்று அதை வைத்து அபாயத்தைத் தேடவில்லை. 2000-ல் போர்டு கம்பெனி அந்தக் கணக்கை வாங்கிப் புரட்டியது. இல்லினாய்ஸ் மாகாணத்து டிகேட்டர் ஆலையில் செய்த டயர்கள் தனியாகத் துருத்தி நின்றன. ஆகஸ்ட் 9-ந் தேதி 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெறுவதாக அறிவிப்பு வந்தது. போர்டு கம்பெனியை நாம் மெச்சவில்லை. 1999-லேயே சவூதி அரேபியாவில் இந்த டயர்களை மாற்றிக் கொடுத்துவிட்டு, சொந்த நாட்டில் வாய்மூடி இருந்தவர்கள் அவர்கள்.

டிகேட்டரில் என்ன நடந்தது? 1994-ல் நிர்வாகம் 12 மணி ஷிப்டு கேட்டது. புதிதாகச் சேருபவர்களுக்கு 30 சதவீதம் கூலி குறைவு என்றது. ஜூலையில் வேலைநிறுத்தம். 1995 தொடக்கத்தில் கருங்காலிகளுக்கு நிரந்தர வேலை கொடுக்கப்பட்டது. மே மாதம் சங்கம் நிபந்தனையின்றிப் போராட்டத்தை வாபஸ் வாங்கியது. திரும்பி வந்த பழைய தொழிலாளி, தன் இடத்தைப் பிடித்தவனோடு தோளுரசி நிற்க வேண்டியதாயிற்று. ஒப்பந்தம் ஏற்பட்டது 1996 டிசம்பரில்தான்.

கருங்காலிக்குத் தொழில் தெரியாது, அதனால் டயர் கெட்டது என்று சொல்ல நமக்கே நாக்குத் துடிக்கிறது. ஆலன் க்ரூகர், அலெக்சாண்டர் மாஸ் என்ற பொருளாதார அறிஞர்கள் 2004-ல் வெளியிட்ட ஆராய்ச்சி வேறு சொல்கிறது. கெட்ட டயர்கள் மிகுந்தது இரண்டு சமயங்களில். ஒன்று, வேலைநிறுத்தத்துக்கு முன்பே, கூலியை வெட்ட நிர்வாகம் கை வைத்த 1994 ஆரம்பத்தில். மற்றொன்று, பழைய ஆட்களும் கருங்காலிகளும் அருகருகே வேலை செய்த 1995 கடைசியிலும் 1996 ஆரம்பத்திலும். கை தேறாதது மட்டுமல்ல, மனம் நொறுங்கியதும் டயரில் ஏறியது என்றே நாம் இதைப் படிக்கிறோம்.

டயர் கம்பெனியோ, போர்டு சொன்ன 26 பவுண்டு காற்றழுத்தம் போதாது என்று வாதாடியது. அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் டிகேட்டரில் டயர் செய்த முறையும் ஒரு காரணம் என்று அதன் சொந்த விசாரணையே ஒப்புக்கொண்டது.

2000 நவம்பரில் புதுச் சட்டம் வந்தது. வண்டிக்காரர்கள் அனுப்பும் நஷ்டஈட்டுக் கோரிக்கைகளின் கணக்கைக் கம்பெனிகள் இனி சர்க்காரிடம் கொடுத்தாக வேண்டும். டிகேட்டர் ஆலை 2001 டிசம்பரில் மூடப்பட்டது. சுமார் 1,500 தொழிலாளர்கள் வெளியே நிறுத்தப்பட்டார்கள்.