ஜூஸரா, பிளெண்டரா?

எங்களைக் கேட்டால் பிளெண்டர்தான். ஜூஸர் சாற்றை மட்டும் பிழிந்து தந்துவிட்டு, காசு குடுத்து வாங்கின கரட்டின் நார்ச்சத்தில் பெரும்பங்கைச் சக்கையாகக் குப்பைக்கு அனுப்புது. 'ஹெல்த்தி' எண்டு குடிக்கிற பழச்சாற்றின் சீனியையும், தேத்தண்ணிக்குப் போடுற சீனியையும் உலக சுகாதார நிறுவனத்தின் 2015 வழிகாட்டல் ஒரே கணக்கில்தான் வைக்குது.

பிளெண்டரில மாம்பழம் அடிக்கலாம், தேங்காய்ப்பூ அடிச்சுப் பால் பிழியலாம், சட்னியும் அரைக்கலாம். (சம்பல் மட்டும் உரலில, நாங்களே இடிப்பம்.)

நாள்தோறும் பீற்றூட் சாறு குடிக்கிறவைக்கு ஜூஸர் சரிதான். ஆனால் சக்கை அடைச்ச அந்தச் சல்லடையை ஒவ்வொரு முறையும் பிரஷால தேய்ச்சுக் கழுவப்போறது ஆர்? எங்கட வீடுகளில அம்மாதான். வாங்க முதல் அவவைக் கேட்டனாங்களா?