நாற்காலியும் மரியாதையும்

கடைகளில் நாள் முழுவதும் நின்றே வேலை செய்யும் சிப்பந்திகளுக்கு, ஆண் பெண் அனைவருக்கும், உட்கார இருக்கை தரவேண்டுமென்று கேரளத்தில் 2018-லும், தமிழ்நாட்டில் 2021-லும் சட்டம் திருத்தப்பட்டது. கால் வலித்தால் உட்காரலாம் என்பதற்கு ஒரு சட்டசபை கூடவேண்டியிருந்ததென்றால், கடைகளில் அதிகாரம் செலுத்துகிறவர்களின் யோக்கியதையை வேறு எதைக்கொண்டு அளப்பது?

சிப்பந்தி உட்கார்ந்தால் வியாபாரமா கெட்டுப்போகும்? மானேஜர் வருகிற சமயம் ஆள் உட்கார்ந்திருந்தால் அவருடைய மரியாதை கெட்டுப்போகுமாம்! இந்தப் புத்தி எங்கிருந்து வந்தது? உயர்ந்த ஜாதியானுக்குச் சமமாய் ஆசனத்தில் உட்காரத் துணிந்த தாழ்ந்த ஜாதியானை இடுப்பில் சூடுபோட்டுத் துரத்தச் சொல்லும் மநுதர்மம் 8-வது அத்தியாயத்திலிருந்துதான். மானேஜர் அதைப் படித்திருக்க மாட்டார், படிக்காமலே நடத்துகிறார். அதுதான் அந்தப் புஸ்தகத்தின் பலம்.

அதிகாரிக்கு மரியாதையே கூடாதென்று நாம் சொல்லவில்லை. கூட்டம் நெருக்கும்போது தாமும் துணி விரித்துக் காட்டுகிறவர், தம்முடைய கணக்குப் பிழையை ஆளின் சம்பளத்தில் பிடிக்காதவர், சரக்கு வாங்க வந்தவர் சிப்பந்தியைக் கண்டபடி பேசினால் குறுக்கே வந்து பதில் சொல்லுகிறவர், இப்படிப்பட்டவருக்கு ஆட்கள் உட்கார்ந்தபடியே மரியாதை செய்வார்கள்; அவர் இல்லாத நேரத்திலும் வேலை ஒழுங்காய் நடக்கும். எழுந்து நிற்கச் சொல்லி வாங்கிய மரியாதையோ அவர் வாசற்படி தாண்டுமுன் சிரிப்பாய் மாறிவிடும்.

சட்டம் வந்துவிட்டதே என்று சும்மா இருந்துவிடலாகாது. நாற்காலியைப் போட்டுவிட்டு, உட்காராதே என்று கண்ணால் மிரட்டினால் என்ன பிரயோஜனம்? தோழர்கள் அடுத்த தடவை துணி வாங்கப் போகும்போது, நாற்காலி எங்கே என்று கேட்கட்டும், சிப்பந்தியிடமல்ல, மானேஜரிடம்.