அந்த ஸீட்

முன்பெல்லாம் பஸ்ஸில் 'ஊனமுற்றோர்' என்று எழுதியிருந்தார்கள். இப்போது 'மாற்றுத் திறனாளிகள்'. எழுத்துதான் மாறியிருக்கிறது, அதன் கீழே உட்கார்ந்திருக்கும் ஆசாமி மாறவில்லை. கட்டுமஸ்தாக, ஜன்னல் கம்பியில் தலை சாய்த்துத் தூங்குகிறார். இது தனி ரகத் தூக்கம். ஊன்றுகோல் சத்தம் கேட்டதும் வரும். தன் ஸ்டாப்புக்கு அரை நிமிஷம் முன்பு தானாகக் கலையும். தூங்க வராதவர்களுக்கு இருக்கவே இருக்கிறது செல்போன்.

சென்னையில் காலை ஒன்பது மணி 29சி-யில் ஒருவரைப் பார்ப்பேன். நாற்பது வயசிருக்கும். இன் பண்ணிய சட்டை, தோளில் பை. நின்றுகொண்டேதான் வருவார். பிரேக் போட்டால் மட்டும் கம்பியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடிப்பார். ஒருநாள் குலுங்கலில் பேன்ட் நுனி சற்று மேலேற, ஷூவுக்கு மேல் தெரிந்தது செயற்கைக் கால்.

"கேட்டு உட்காரலாமே சார், உங்க ஸீட்தானே?" என்றேன்.

"கேட்டா எழுந்துப்பாங்க சார். அதுக்கு முன்னாடி மேலேருந்து கீழே ஒரு பார்வை பாப்பாங்க. நான் பேன்ட்டைத் தூக்கிக் காட்டணும். அப்புறம் பக்கத்து ஸீட்காரர், 'எப்படி ஆச்சு? லாரியா, ஷுகரா?'ன்னு ஆரம்பிப்பார். தினமும் காலங்காத்தால அந்தக் கதையைச் சொல்லிட்டு ஆபீஸ் போகணுமா? நின்னுட்டே போயிடலாம்."

1995-ம் வருஷச் சட்டத்தில் ஊனம் 7 வகை. 2016 சட்டத்தில் 21. ரத்தம் உறையாத ஹீமோஃபீலியாகூட அதில் உண்டு. நெற்றியில் எழுதி ஒட்டியா இருக்கும்?

2024 ஆகஸ்டில் சென்னைக்குப் புது தாழ்தள பஸ்கள் வந்தன. தளத்தின் உயரம் 400 மில்லிமீட்டர்தான். பழைய பஸ்ஸில் 900. சக்கர நாற்காலி ஏறச் சாய்வுப் பலகை உண்டு. (டிரைவர் பிளாட்பாரத்தை ஒட்டி நிறுத்த வேண்டும், அது வேறு கதை.) ஆள் ஏறுவதற்காக ஒரு பக்கமாகத் தாழ்ந்தும் கொடுக்கும். பஸ்ஸே முட்டி மடக்கி மரியாதை செய்கிறது. உள்ளே இருக்கும் நமக்குத்தான் முட்டி நிமிர மாட்டேன் என்கிறது.

இன்னொரு ஜாதி இருக்கிறது. நல்லவர்கள்தான். "ஏம்ப்பா, கால் இல்லாதவர் நிக்கறாரு, யாராவது எந்திரிங்கப்பா!" என்று கடைசி ஸீட் வரை கேட்கும்படி கத்துவார்கள். மொத்த பஸ்ஸும் திரும்பிப் பார்க்கும். ஸீட் கிடைக்கும். அதில் உட்காரத்தான் கூசும்.

போன மாசம் ஒரு காலேஜ் பையனைப் பார்த்தேன். நம்ம ஷூக்காரர் ஏறினதும் எழுந்தான். "உட்காருங்க சார், நான் அடுத்த ஸ்டாப்ல இறங்கணும்" என்றான். அவரும் சாதாரணமாக உட்கார்ந்து, பையிலிருந்து பேப்பரை எடுத்தார். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

ஆறேழு ஸ்டாப் தாண்டி நான் இறங்கும்போது பார்க்கிறேன், பையன் முன்வாசல் கூட்டத்தில் கம்பியைப் பிடித்தபடி இன்னும் நின்றுகொண்டிருக்கிறான்.