படியேற வலிக்கிறதா என்று கேளுங்கள்



"மாசமா இருந்தா இடுப்பு வலிக்கத்தான் செய்யும்" என்று சொல்லிக் கர்ப்பிணிகளை அனுப்பிவிடுவது சரியல்ல. ஐந்தில் ஒருவருக்கு இடுப்பெலும்பு மூட்டுகளில் வலி வருகிறது என்கிறது பிரிட்டனின் ராயல் மகப்பேறு மருத்துவர் கல்லூரி. படுக்கையில் புரள, படியேற, ஒற்றைக் காலில் நின்று சுடிதார் பேன்ட் மாட்ட முடியாத அளவுக்கு அது முற்றக்கூடும். பிரசவமானால் சரியாகிவிடுமே என்பார்கள். பெரும்பாலோருக்குச் சரியாகிறது, எல்லோருக்கும் அல்ல. அதுவரை மாதக்கணக்கில் ஏன் பல்லைக் கடித்துக்கொண்டிருக்க வேண்டும்? மாத்திரைக்குப் பயந்து வாய் திறக்காதவர்களும் உண்டு. ஆனால் இதற்கு முதல் சிகிச்சை பிசியோதெரபிதான். உரிய பயிற்சி, இடுப்புப் பட்டை, ஒருக்களித்துப் படுக்கையில் முழங்கால்களுக்கு இடையே ஒரு தலையணை ஆகியவற்றாலேயே பலருக்கு வலி குறைகிறது. குழந்தைக்கு ஆபத்தில்லை என்பதாலேயே தாயின் வலி கணக்கில் வராமல் போகிறது. ஆரம்ப சுகாதார நிலையங்களில் எடையும் ரத்த அழுத்தமும் பார்க்கும்போதே இதையும் கேட்டு, வலியுள்ளவர்களைப் பிசியோதெரபிக்கு அனுப்பச் சுகாதாரத் துறை உத்தரவிட வேண்டும்.

- ஒரு வாசகி, திருச்சி